எழுபத்தொரு வயதுக்காரரின் ரத்தம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது ஒன்றுதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர் ஒருவர், காலை எட்டு மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தன் கையில் தானே ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். கதவு சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. மற்றதெல்லாம் நான் விட்ட சரடு.

2

முதல் தொடக்கம்: 'அவருக்கு முப்பத்தொன்பது வயது. ஆறு மாதமாக மனைவியிடம் அவரால்—'

அடித்துவிட்டேன். கூச்சம். அவருக்கல்ல, எனக்கு.

(சரி, நேராகவே சொல்கிறேன். அவருக்கு விறைப்பு வருவதில்லை. ஆசையும் வற்றிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை, சவரம் செய்யக்கூட மனமில்லை. மனம் சோர்ந்ததால் உடம்பு படுத்ததா, ஹார்மோன் குறைந்ததால் மனம் படுத்ததா? இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் என்கிறார்கள் மருத்துவர்கள்.)

3

கூட வேலை செய்பவர்கள் கண்ணில் பட்டால் மானம் போய்விடும். அதனால் ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயின்மேல், உலகத்திலேயே இல்லாத ஒரு பெரியவரின் பெயரை ஒட்டினார். வயது எழுபத்தொன்று. அங்கேதான் சறுக்கினார். அந்தக் கூடத்து இயந்திரம் வயதைப் பார்த்துத்தான் ஹார்மோன் அளவு போதுமா என்று தீர்மானிக்கும். போதாவிட்டால் எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போடும். பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அவர் எண்களைப் படிப்பதையே விட்டுவிட்டார், நட்சத்திரத்தைத்தான் தேடுவார்.

நட்சத்திரம் இல்லை. முப்பத்தொன்பதுக்குப் போதாத அளவு எழுபத்தொன்றுக்குப் போதும்.

'உடம்பில் குறையில்லை. அப்படியானால் நான்தான் குறை' என்று நினைத்தார். இதை எழுதும்போது எனக்குப் பயமாக இருந்தது. இப்படி நினைக்கிற மனிதர் அடுத்து என்ன செய்வார்?

4

"என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "நாளைக்கே அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

"உன்மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப யார் மேல?"

அவர் சட்டையைக் கழற்றி அழுக்குக் கூடையில் போட்டார். துவைக்க எடுத்த சட்டைப் பையில் அவளுக்கு ஒரு தாள் அகப்பட்டது. பிரித்துப் பார்த்தாள்.

"எழுபத்தொரு வயசு. யாருங்க இந்தப் பெரியவர்? இவரோட தாள் உங்ககிட்ட எதுக்கு?"

5

முடிவு ஒன்று: "லேப்ல மாறி வந்துடுச்சு" என்கிறார். அவள் துணிகளை அடுக்கிப் பெட்டியை மூடுகிறாள். (வேண்டாம்.)

முடிவு இரண்டு: எண்ணைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கி— (பொய். அவளுக்கு எப்படி விளங்கும்?)

மூன்றாவதற்கு ஒரு சொல் போதும். 'நான்தான்.' அதைச் சொல்லிவிட்டால் வயது முப்பத்தொன்பதாகும், எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் வந்து விழும், மருத்துவரிடம் போகலாம்.

மூன்று நாளாக முயல்கிறேன், அந்தச் சொல்லை என்னால் எழுத முடியவில்லை. அன்று காலை அந்தக் கூடத்தில் எனக்கென்ன வேலை என்று நீங்களும் கேட்கவில்லை. அங்கே நான் கொடுத்த பெயரும் என்னுடையதல்ல.

அவள் தாளை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நீங்களாவது சொல்லுங்கள்.