இரண்டு தரம் போனவள்

இப்போதெல்லாம் அமெரிக்கா போகிறவனுக்காக யாரும் அழுவதில்லை. காரில் கொண்டுபோய் விமான நிலைய வாசலில் தள்ளிவிட்டு, இஞ்சினைக்கூட அணைக்காமல் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பயலும் கிறிஸ்துமஸுக்கு வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். போவதற்கும் மதிப்பில்லை, வருவதற்கும் மதிப்பில்லை.

எங்கள் காலத்தில் போனால் போனதுதான். அதனால் போகிறவர்கள் கிளம்புமுன் சாவு வீட்டைப் போலவே ஊரைக் கூட்டி, குடித்து, ஆடி, விடியும்போது ஒப்பாரி வைத்து அனுப்புவோம். என் மகள் நோரீனுக்கும் அப்படித்தான் செய்தோம். யுத்தம் வரப்போகிறது என்ற பேச்சு முற்றிய கோடை அது. டப்ளினில் அவள் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கக் குடும்பம் ஊருக்கு ஓடத் தீர்மானித்து, அவளையும் கூட்டிக்கொண்டது. கப்பலில் அல்ல, தண்ணீரிலிருந்தே எழும்பி தண்ணீரிலேயே இறங்கும் படகு விமானத்தில்.

அந்த விமானத்தை எனக்குத் தெரியும். எங்கள் ஊர் ஃபாயின்ஸில் அது ஏறி இறங்கும் ஆற்றில் மோட்டார் படகு ஓட்டுவதுதான் என் வேலை. அது ஓடப்போகிற நீர்ப்பாதையில் நான் முதலில் ஓடிப் பார்த்து, கட்டை எதுவும் மிதக்காவிட்டால் பச்சைக் கொடி காட்டவேண்டும். ஒரு பாதி மூழ்கிய மரம் போதும், அதன் வயிறு கிழிந்துவிடும். தகர வயிறு. அதற்குள் பஞ்சு மெத்தை, வெள்ளை மேஜைத்துணி. கப்பலாவது மூழ்குவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும்.

சாயங்காலம் கிளம்பினாள். என் மனைவி டீலியா கரையில் விழுந்து அழுதாள். விடிகாலையில் ஆற்றின் மேல் இஞ்சின் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் வரவேண்டிய விமானம் எதுவும் இல்லை. படகை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், அதே விமானம். கடலின் நடுவில் எதிர்க்காற்று பலமாக அடித்ததாம். பெட்ரோல் போதாது என்று பாதி வழியில் திரும்பிவிட்டார்கள்.

நோரீன் கோட்டெல்லாம் குழந்தை எடுத்த வாந்தியோடு என் படகில் இறங்கினாள்.

"அப்பா, சாப்பிட ஏதாச்சும் இருக்கா?"

வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மேலும் கீழுமாக இரண்டு பாதியாகத் திறக்கும் வாசற்கதவின் கீழ்ப்பாதி தாழிட்டிருந்தது. டீலியா எட்டிப்பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டாள். தாழ்ப்பாளில் கை வைக்கவில்லை.

"அழுது அனுப்பினவள எதுக்குய்யா கூட்டிட்டு வந்த?"

"நானா கூட்டிட்டு வந்தேன்? காத்து திருப்பி விட்டுடுச்சு."

உள்ளேயிருந்து ஒப்பாரிக்கு வந்த ஹன்ரஹான் வீட்டுக்காரியின் குரல் கேட்டது. இன்னும் வீட்டுக்குப் போகவில்லை அவள். "கதவத் தொறக்காத டீலியா. ஒப்பாரி வெச்ச பொண்ணு திரும்பிப் படியேறினா, அடுத்த தடவ நெஜமாவே அழ வேண்டியிருக்கும்."

"வாயக் கழுவு," என்றேன்.

"நான் பேய் இல்லம்மா," என்றாள் நோரீன். "பேய்க்கு இவ்வளவு பசிக்காது."

டீலியா சிரிக்கவில்லை. ரொட்டியும் அவித்த முட்டையும் கதவுக்கு மேலாக நீட்டினாள். வாங்கும்போது மகளுடைய விரலைப் பிடித்தாள். சூடு இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல, கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். என் மகள் தான் பிறந்த வீட்டுக்கு வெளியே, கல் சுவரில் உட்கார்ந்து தின்றாள்.

பகலில் காற்று தணிந்தது. சாயங்காலம் மறுபடியும் கிளம்புகிறது என்றார்கள். இந்தத் தரம் டீலியா கரைக்கு வரவில்லை. நோரீனை நானே விமானத்தில் ஏற்றிவிட்டு, பாதையைப் பார்க்கப் போனேன்.

தண்ணீர் துடைத்துவிட்டதுபோல இருந்தது. ஒரு கட்டை இல்லை, ஒரு கிளை இல்லை. வாழ்நாளில் அன்றைக்குத் தேடியதுபோலக் கட்டையைத் தேடியதில்லை. ஒன்று கிடைத்திருந்தால் அன்றைய பயணம் நின்றிருக்கும். மறுநாள் அந்தக் குடும்பம் மனம் மாறிக் கப்பலுக்குப் போயிருக்கலாம்.

விமானத்தின் மூக்கில் நின்ற மாலுமி கத்தினான். "மாலக்கி, சுத்தமா?"

"இன்னொரு தரம் பாத்துட்டு வரேன்."

"எத்தன தரம்யா பாப்ப? கட்டய வீட்லேருந்து கொண்டாந்து போடப் போறியா?"

ஜன்னலில் நோரீனின் முகம் தெரிந்தது. சிவப்புக் கொடி என் காலடியில் கிடந்தது. எடுத்தால் கேட்க ஆளில்லை. ஆனால் அந்த ஆற்றில் நான் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான்: என் கையிலிருக்கும் கொடி. அதிலும் பொய் காட்டிவிட்டால் பிறகு எதைப் பார்த்து மகளை ஏற்றியனுப்புவது? பச்சையைத் தூக்கினேன். விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. என் கை இறங்கவேயில்லை.

மறுநாள் முழுக்க நான் கம்பியில்லாத் தந்தி அறையின் வாசலிலேயே கிடந்தேன். ஒருவழியாக அங்கே வேலை பார்க்கிற ஃபின்டன் தலையை நீட்டினான்.

"போய்ச் சேந்துடுச்சுண்ணே. கடலுக்கு அந்தப் பக்கம், நியூஃபவுண்ட்லாந்துல இறங்கியாச்சு."

"நீ பாத்தியா?"

"இங்கேருந்து எப்படிப் பாக்கறது? சத்தம் வந்துச்சு."

"என் பொண்ணு சத்தமா?"

"டக் டக்னு வரும்ண்ணே. கருவி சத்தம்."

"முந்தாநாளும் உன் கருவி, எல்லாம் நல்லாப் போகுதுன்னுதான் டக் டக்குன்னுச்சு. விடிஞ்சப்போ திரும்பி வந்து நின்னுச்சே."

"அதுக்கு நான் என்ன பண்ண? போங்க, அண்ணிகிட்ட நல்ல சேதி சொல்லுங்க."

என்னத்தைச் சொல்ல? எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து விரலால் தட்டினான், அதனால் உன் மகள் உயிரோடு இருக்கிறாள் என்றா? தொப்பியை மாட்டிக்கொண்டேன். ஆற்றின் மேல் இஞ்சின் சத்தம் வருகிறதா என்று காதைத் திருப்பியபடியே மேட்டில் ஏறி நடந்தேன்.