கோணல் ஸ்கேல்

அம்மா இரண்டாவது ஸ்கேலையும் குப்பைக் கூடையில் போட்ட அன்றுதான் எனக்கு முதலில் பயம் வந்தது.

"இதுவும் கோணல்டி. நடுவுல தொங்கினு கீது பாரு. அந்தப் பென்னலூர் கடைக்காரன் இன்னொரு வாட்டி ஸ்கேல்னு எதையாச்சும் குடுத்தான், அவன் மண்டையிலயே போடுவேன்."

நான் எடுத்துப் பார்த்தேன். இரண்டடி ஸ்டீல் ஸ்கேல். வாங்கி நாலு நாள்கூட ஆகவில்லை.

"நேராத்தானம்மா கீது."

"உனக்கு எல்லாம் நேராத்தான் தெரியும். எப்ப பாரு போனே பாத்துகினு இருந்தா கண்ணு இன்னாத்துக்கு ஆகும்?"

இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். ராத்திரி மணி ஒன்றே கால். அம்மா நைட் ஷிஃப்ட்டில் இருக்கிறாள். அப்பா சாம்சன், கன்டெய்னர் லாரியோடு புனே பக்கம் எங்கேயோ. அவரிடம் சொன்னால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுவார், அப்படிப்பட்ட ஆள். பள்ளிக்கூடத்தில் சொல்ல முடியாது.

என் அம்மா மெர்சி ரயில் பெட்டி செய்கிறாள். பொம்மை என்று சொன்னால் கோபம் வரும். நிஜப் பெட்டியில் ஒரு மீட்டர் என்றால் இங்கே மூன்று சென்டிமீட்டர். ஒரு பெட்டி அறுபத்து நாலு சென்டி நீளம். சுவர் வெள்ளை பிளாஸ்டிக் ஷீட். கூரை, நாலு இஞ்ச் பிவிசி பைப்பை நீளவாக்கில் அறுத்தது. ஜன்னல் கம்பி செப்பு ஒயர், பெர்த் ஐஸ் குச்சி. சக்கரம் மட்டும் லேத் பட்டறையில் கடைந்து வாங்கினாள். முடிந்த பெட்டிகள் இரண்டு. ஒன்று பீரோ மேல், ஒன்று ஃபிரிட்ஜ் மேல். தண்டவாளம் எங்கள் வீட்டில் இல்லை. மேல் ரூமில் வாடகைக்கு இருக்கும் இசக்கிசெல்வி அக்கா, "இது ஓடுமாக்கா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தள்ளுனா ஓடும். எங்க வூட்டுக்காரரும் அப்டித்தான்" என்றாள் அம்மா.

அம்மா முன்பு பிளாட் விற்கிற கம்பெனிகளுக்கு மாடல் வீடு செய்து கொடுக்கும் பட்டறையில் இருந்தாள். அதை மூடிவிட்டார்கள். இப்போது மூன்று வருஷமாக, கார் ஹெட்லைட் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன். விளக்கின் முன்னால் உட்கார்ந்து, லைனில் வரும் கண்ணாடி மூடியை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். கீறல் இருந்தால் சிவப்பு டிரே, இல்லாவிட்டால் பச்சை டிரே. வீட்டுக்கு வந்து தூங்காமல் எதற்கு மறுபடி கட்டரைப் பிடிக்கிறாய் என்று கேட்டதற்கு, "ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் பாக்குறேன் நிலா. அதுல ஒண்ணுகூட நான் செஞ்சது இல்ல" என்றாள்.

மூன்றாவது பெட்டியில்தான் எல்லாம் தொடங்கியது. ஜன்னல்களுக்குக் கீழே, பெட்டியின் முழு நீளத்துக்கும் ஒரு மெல்லிய பட்டை ஓடும். ஒட்டுவதற்குக் கஷ்டமானது அதுதான். அரை மில்லி விலகினாலும் பெட்டியே சாய்ந்த மாதிரி தெரியும். அம்மா பெட்டியை முகத்துக்கு நேரே தூக்கி, வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் நீளவாட்டில் பார்ப்பாள். பட்டறையில் பழகிய பழக்கம். கம்பெனியில் கண்ணாடி மூடியையும் அப்படித்தான் பார்ப்பாளாம். ஒட்டுவாள், பார்ப்பாள், பிய்ப்பாள். புதுப் பட்டை வெட்டுவாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "தூக்கம் இல்ல, அதான்" என்பாள். அவள் தூங்கி எத்தனை நாள் ஆகிறது என்று எனக்கும் தெரியாது. ஓவர்டைம் முடிந்து வந்ததும் ஒட்ட உட்கார்ந்துவிடுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை இசக்கிசெல்வி அக்கா மாடிப்படியில் என்னை நிறுத்தினாள். அவளும் அதே லைன்தான்.

"ஏட்டி நிலா, ஒங்கம்மைக்கு என்ன? நல்ல பீஸை எல்லாம் செவப்பு டிரேல போடுதாவ. நா ரெண்டு மூணு வாட்டி நைசா எடுத்து மாத்தி வச்சேன். சூப்பர்வைசர் பாத்துட்டாரு. வெள்ளிக்கெழம கண்ணு டெஸ்ட் வருது, அன்னிக்கு வச்சுக்கிடுதேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு."

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்த டெஸ்ட் உண்டு. அது அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. அன்று மதியமே என்னைக் கூப்பிட்டு, "போன்ல அந்த இங்கிலீஷ் எழுத்து போர்டு இருக்குமே, மேல பெருசா, கீழ போகப்போகப் பொடிசா, அதத் தேடி எழுதிக் குடு. எல்லா எடத்துலயும் அதே போர்டுதான்" என்றாள்.

"எதுக்கும்மா? கண்ணாடி போட்டா போச்சு."

"கான்ட்ராக்ட்காரி கண்ணாடி போட்டுகினு வர்ற வரைக்கும் சீட்டுல துண்டு போட்டு வச்சிருப்பானுங்களா? மறுநாளே வேற ஆளு. எழுது நீ."

எழுதிக் கொடுத்தேன். அதுதான் என் தப்பு. இரண்டு நாள் உட்கார்ந்து ஒப்பிக்கவும் வைத்தேன். ஜன்னல் துளையை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே சொல்லுவாள். ஈ. எஃப், பி. டி, ஓ, இசட். ஆறாவது வரி வரைக்கும் தடுமாறாமல் வந்துவிட்டது. "ஸ்கூல்ல இப்டிப் படிச்சிருந்தா நான் டாக்டருடி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நேற்று குப்பை கொட்டப் போகும்போதுதான் கூடையைக் கிளறினேன். பிய்த்துப் போட்ட பட்டைகள் பதினொன்று இருந்தன. ஸ்கேல்கள் இரண்டும் இருந்தன. ஸ்கேல்கள் இரண்டையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்தேன். நடுவில் வெளிச்சம் வரவில்லை. ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பிடித்தேன். அப்போதும் வரவில்லை. ஸ்கேல்கள் நேர். ஒட்டும்போது பிசினில் இறுகிப்போன பட்டைகளை ஒவ்வொன்றாக ஸ்கேல் மேல் வைத்தேன். எல்லாம் நேர். கோணல் என்று அம்மா எறிந்தது எல்லாமே நேர்.

பிறகு பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். கடைசியாக, "இப்பதான்டி சரியா வந்துச்சி" என்று அவள் விட்டுவைத்த பட்டை, நடுவில் வில் மாதிரி இரண்டு மில்லி மேலே ஏறியிருந்தது.

எழுத்து தெரியாமல் போனால் கண்ணாடி போடலாம். நேர்க்கோடு தொங்குகிறதென்றால் அது என்ன? போனில் தேடினேன். கண்ணுக்கு உள்ளே நீர் கோத்தால் அப்படித் தெரியலாம், தூக்கமில்லாதவர்களுக்கு வரலாம், சீக்கிரம் காட்டினால் சரியாக வாய்ப்பு உண்டு, விட்டால் பார்வை போகலாம் என்று போட்டிருந்தது. பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் கண் போகும். அந்த டெஸ்ட்டில் அவள் பாஸ் ஆகிவிட நானே வழி செய்து கொடுத்திருக்கிறேன்.

இன்று சாயங்காலம் அம்மா கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்ப அரைமணி இருந்தது. ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து டீ குடித்தாள். பெட்டியை அவள் மடியில் வைத்தேன். பட்டைக்குக் கீழே ஸ்கேலை அணைத்துப் பிடித்தேன்.

"இன்னாடி இது, குப்பையிலேருந்து எடுத்தியா?"

"கண்ண மூடிக்கோ. ஸ்கேலுக்கும் பட்டைக்கும் நடுவுல நகத்த வச்சு இழு."

"பஸ்ஸு வந்துரும், வெளையாடாத."

"மா. ஒரே ஒரு வாட்டி."

மூடினாள். கட்டை விரல் நகத்தை ஓரத்தில் வைத்து இழுத்தாள். ஓரத்தில் நகம் நுழையவில்லை. நடுவுக்கு வந்ததும் உள்ளே விழுந்தது. அவள் விரல் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து இழுத்தாள். திரும்பவும் அதே இடத்தில் விழுந்தது.

"ஸ்கேல் கோணல்" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

நான் இரண்டு ஸ்கேலையும் சேர்த்து அவள் கையில் கொடுத்தேன். ஓரங்களைத் தடவினாள். ஒன்றைத் திருப்பித் தடவினாள். அவள் விரல் பொய் சொல்லாது. அது அவளுக்கே தெரியும்.

"எத்தினி நாளா தெரியும் உனக்கு?"

"நேத்துதான்."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அம்மா நகத்தால் பட்டையின் முனையை நெம்பி, மெதுவாக, பெயின்ட் பெயராமல், முழுசாகப் பிய்த்து எடுத்தாள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். "கதவ சாத்திக்கோ" என்றாள். நான் எழுதிக் கொடுத்த காகிதம் ஐடி கார்டு உறைக்குள் வெள்ளையாகத் தெரிந்தது.

அதிலிருந்து இப்படியே உட்கார்ந்திருக்கிறேன். விடிந்தால் வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடியும். ஆறரைக்கு டெஸ்ட். பெட்டியின் பக்கவாட்டில் பட்டை இருந்த இடம் மட்டும் பிசின் தடமாகக் கிடக்கிறது.

இரண்டு மணிக்குப் போன் அடித்தது. டீ பிரேக்கில்தான் லாக்கரிலிருந்து போனை எடுக்க விடுவார்கள்.

"தூங்கலியா?"

"இல்லம்மா."

"சூப்பர்வைசராண்ட சொல்லிட்டேன். நானே போயி சொன்னேன். இடது கண்ணு சரி இல்ல, டெஸ்ட் வாணாம், லீவு குடுன்னு."

"இன்னா சொன்னாரு?"

"லைன்லேருந்து எயிந்துக்கச் சொன்னாரு. பேக்கிங்ல உக்கார வச்சிருக்காரு, காலைல வரைக்கும்."

"அப்புறம்?"

"தெர்லடி. இசக்கி அழுதுகினு கீது இங்க. அதுக்கு வேற நான் சமாதானம் சொல்லணும். நீ ஸ்கூலுக்கு லீவு போடு. நேரா எழும்பூர் கண்ணாஸ்பத்திரி போயிரலாம். அந்த ஸ்கேல எடுத்து பைல வை."

"ஸ்கேல் எதுக்கும்மா?"

"டாக்டர் கேட்டா காட்டணும். எப்டி தொங்குதுன்னு எனக்கு வாயில சொல்லத் தெரியல."

போனை வைத்துவிட்டாள். ஸ்கேலைப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தேன். கால்வாசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஜிப் மூடவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.