கதவு பாடிய கோடு

காது ஒரு கீழ்த்தரமான உறுப்பு என்பது தேர்வுக் குழுத் தலைவரான பேராசிரியரின் முடிவு. அது முகத்தாட்சண்யம் பார்க்கும், நடுவில் தூங்கிப்போகும். கண் அப்படியில்லை. ஆகவே நகர இசை மண்டபத்தின் தலைமைப் பாடகி பதவிக்கு, பாட்டைக் கேட்காமல் பார்த்தே ஆளெடுப்பது என்று ஏற்பாடாயிற்று.

கருவி ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு மரக் கூம்பு. அதன் முனையில் மெல்லிய தோல். தோலில் ஒட்டிய ஒரு பன்றிமயிர். எதிரே, விளக்குப் புகையில் கருக்கிய தாள் சுற்றிய உருளை. கூம்புக்குள் பாடினால் தோல் அதிரும், மயிர் கரியில் கோடு கீறும். உருளையைச் சுற்றுகிறவனைக் கரிமூக்கன் என்பார்கள். ஆறு வருஷமாக அந்தப் பதவியில் பாடிக்கொண்டிருந்தவள் அவன் பெண்டாட்டி. அவள் இருப்பதா போவதா என்பதை ஒரு பன்றிமயிர் சொல்லப்போகிறது என்று நினைக்கும்போதெல்லாம் அவனுக்குக் காறித் துப்பத் தோன்றும். தாள் நனைந்துவிடுமே என்று விழுங்கிக்கொள்வான்.

பேராசிரியர் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காது குறுக்கே பேசக்கூடாதாம். பதினோரு பேர் பாடினார்கள். கடைசியாகப் பாடிய கரிமூக்கன் மனைவியின் கோட்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"புழு நெளியுற மாதிரி இருக்கு."

"உங்க மூஞ்சிய வரைஞ்சா எப்படி இருக்கும்னு பாத்திருக்கீங்களா?" என்றாள் அவள்.

பேராசிரியர் மரியாதையாகத் தலையாட்டினார். அவள் விருட்டென்று வெளியேறினாள். துருப்பிடித்த கீல் கிறீச்சிட்டது. உருளை இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அந்தக் கிறீச்சில் விழுந்த கோடு இருக்கிறதே, சீப்புப் பல் போல வரிசை பிசகாமல் எழுந்து நின்றது. பேராசிரியரும் எழுந்து நின்றார். கரிமூக்கன் தாளின் மூலையில் 'இது கதவு' என்று எழுதிக் காட்டினான். அவர் படித்தார், யோசித்தார், விதிப்புத்தகத்தைப் புரட்டினார். பாடுவது மனிதராக இருக்கவேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. குழுவினர் ஐவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

மறுவாரம் கதவைச் சட்டத்தோடு பெயர்த்து மேடையில் நட்டார்கள். திறந்து மூட ஆள் வேண்டுமே. மேடை அனுபவமுள்ளவள் என்று அவளையே கூப்பிட்டார்கள்.

"போவியா?" என்றான் கரிமூக்கன்.

"போவேன். அந்தக் கூட்டத்துக்குத் தொண்டை எதுக்கு? கை போதும்."

அரங்கேற்றத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசை முழுக்கக் காதில் பஞ்சு. அதுதான் இப்போது நாகரிகம். எல்லார் கண்ணும் உருளையின் மேல். அவள் கதவைத் திறந்தாள், தாண்டினாள், படாரென்று சாத்தினாள். பின்வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, வேறு ஊருக்குப் போகும் வண்டியில் ஏறினாள். கரிமூக்கன் உருளையை அப்படியே விட்டுவிட்டு, கதவைச் சுற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

முன்வரிசை எழுந்து கைதட்டியது. இன்னொரு தரம் பாடச் சொல்லிக் கெஞ்சியது. கதவு வாயைத் திறக்கவில்லை. அதற்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று மறுநாள் பத்திரிகையில் பேராசிரியர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார்.