கிழக்குச் சுவர்

ஓய்வுநாள் தொடங்கும் மாலை. வேண்டுதலுக்கு முன் ஒரே முழுக்கில் எழுந்துவிடும் சக்காய் அன்று குளத்தை விட்டு வரவே இல்லை. கரையில் மாற்றுத்துணியோடு நின்ற மனைவி செலோமித் பொறுமையிழந்தாள்.

"தோல உரிச்சுட்டுத்தான் வருவீங்களா? எல்லாரும் காத்திருக்காங்க. இன்னிக்கு முன்னால நின்னு வேண்டி, கிண்ணத்த நீங்கதான் எடுக்கணுமாம்."

சக்காய் இன்னொரு முறை முழுகினான்.

எங்கள் ஊரில் கல் கொத்துகிறவர்கள் இரண்டே பேர். பட்டணத்தில் புதிதாக எழும்பும் தேவாலயத்துக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். மேஸ்திரி கேட்டது ஒன்றுதான்: இயேசு கடவுள் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். நாங்களும் இயேசுவின் வழி நடப்பவர்கள்தான்; ஆனால் எங்களுக்கு அவர் யோசேப்பின் மகன். நம்மைப் போலப் பசித்து, வேர்த்து, கட்டளை தவறாமல் நடந்ததால் கடவுள் தேர்ந்துகொண்ட மனிதர். செலோமித்தின் தம்பி தோபியேல் முடியாது என்று வந்துவிட்டான். இப்போது வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான். சக்காய், அவர் கடவுள் என்று சொன்னான். ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். வீட்டில் வந்து, "நானும் மாட்டேன்னுட்டேன். கருங்கல்லுக்கு வேற ஆள் இல்லாம வெச்சுக்கிட்டாங்க" என்றான். நாங்களும் நம்பினோம். நம்பியதோடு விட்டோமா, தலையில் தூக்கி வைத்து ஆடினோம்.

"வாய்யா சிங்கம்! பட்டணத்தானையே பணிய வெச்ச ஆளாச்சே!" என்று அன்று வேண்டுதல் கூடத்து வாசலில் வரவேற்றார் பெரியவர் அசரியா. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் தோபியேல். அந்தச் சிரிப்பில் துளிப் பொறாமை இல்லை. சக்காய்க்கு அதுதான் தாங்கவில்லை. மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

அப்பமும் தண்ணீர்க் கிண்ணமும் வந்தன. நாங்கள் திராட்சரசம் தொடுவதில்லை. எருசலேமைப் பார்த்த சாளரத்துக்கு நேராக எல்லோரும் நின்றோம். சக்காய் முன்னால் நின்று கண்களை மூடிக்கொண்டு வேண்டத் தொடங்கினான். கோடை முழுக்கப் பட்டணத்தாரோடு நின்று வேண்டிப் பழகிய கால்கள் தாமாகத் திரும்பின. கிழக்கே பார்த்து வேண்டுகிறவர்கள் அவர்கள்தான் என்று எங்கள் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

வேண்டி முடித்தபோது யாரும் ஆமென் சொல்லவில்லை. கண் திறந்தான். எதிரே சாளரம் இல்லை, சுவர் இருந்தது.

செலோமித் முன்னால் வந்து அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"களைப்பு. நாளெல்லாம் வெயில்ல நின்னாரு" என்று எங்களிடம் சொன்னாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அசரியா தொண்டையைச் செருமினார். தோபியேல் கிண்ணத்தை எடுத்து வந்து நீட்டினான்.

"குடிங்க மச்சான்."

சக்காய் வாங்கினான். அவசரமாக வாயில் வைத்ததில் தண்ணீர் தாடியில் சிந்தியது. தோபியேல் கிண்ணத்திலிருந்து தன் கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.