ஈரண்ணாவின் மூக்கு

"நீலக்கா வீட்டுக்காரர் நீங்கதானே?"

கேமராவும் கையுமாக வந்த இளைஞன் இப்படிக் கேட்டபோது, ஈரண்ணா தன் சொந்தக் கடையில், தன் சொந்தக் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். தலைக்கு மேலே 'ஈரண்ணா பேக்கரி' என்று பெரிய பலகை. கதக் பஸ் ஸ்டாண்டில் இறங்கி யாரைக் கேட்டாலும் அந்தப் பலகையைக் காட்டிவிடுவார்கள். இவனுக்கு மட்டும் அது கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

"ஆமா. என்ன வேணும்?"

"அக்காவை ஒரு வீடியோ எடுக்கணும்ணா. சிறுதானியம் பத்தி. நம்ம சேனலை நிறைய பேரு பாக்குறாங்க."

நீலாம்பிகா உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடி அலமாரிக்கு முன்னால் மேசை போட்டு, அவளுடைய பாக்கெட்டுகளை அடுக்கினார்கள். உப்பிட்டு என்கிற சாமை உப்புமாக் கலவை ஒரு பக்கம், கம்பங்கஞ்சி மாவு ஒரு பக்கம். இளைஞன் கேமராவுக்குள் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. பின்னாடி பஃப்ஸ் தட்டு தெரியுது. மைதா அயிட்டம் வீடியோவுல வந்துச்சுன்னா கமெண்ட்ல கிழிச்சுத் தொங்கவிட்டுடுவாங்க. கொஞ்சம் எடுத்துடுறீங்களா? அப்படியே நீங்களும்... கொஞ்சம் அந்தப் பக்கம்."

காலையில் தன் கையால் மடித்து, தன் கையால் சுட்டெடுத்த பஃப்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு ஈரண்ணா அடுப்படிக்குப் போனான். அங்கே நின்றபடி, வெளியே அவள் சிரிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். தட்டைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் ஆரம்பம் அந்த பஃப்ஸ்தான். பேக்கரிக்குப் பக்கத்துச் சந்தில் நர்சிங் படிக்கும் பெண்களின் ஹாஸ்டல் இருந்தது. வார்டு டியூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில், வழியில் ஆளுக்கொரு பஃப்ஸை வாயில் திணித்துக்கொண்டு போவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து நீலாம்பிகாவுக்கு மனசு கேட்கவில்லை.

"நாள் பூரா நின்னு வேலை செய்ற பிள்ளைங்க. இதைத் தின்னுட்டு எப்படித் தாங்கும்?" என்றாள் ஒருநாள்.

"ஏன், என் பஃப்ஸுக்கு என்ன கேடு? அதுல வர்ற காசுலதான் நம்ம வீடு நடக்குது, மறந்துடாத."

அவள் மறக்கவில்லை. ஹாஸ்டல் அறைகளில் மின்சாரக் கெட்டில் ஒன்றுக்குத்தான் அனுமதி. வெந்நீரை ஊற்றி மூடிவைத்தால் சாப்பாடாகிவிடுகிற பண்டம் ஒன்று வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். சாமை ரவையில் வெந்நீர் ஊற்றினால் மணலாக நறநறத்தது. முழுக்க வேகவைத்து உலர்த்தினால் கல்லாகிப் போனது. குழைய வேகவைத்தால் போஸ்டர் ஒட்டும் பசை. கடைசியில் முக்கால் வேக்காட்டில் இறக்கி, ஆறவிட்டு, துணியில் மெலிசாகப் பரப்பிக் காயவைத்து, பழுக்கக் காய்ந்த இரும்புச் சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்தாள். அரிசிப் பொரிக்குப் பாதி அளவு உப்பி வந்தது. வெந்நீர் பட்டதும் அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டு பூவாக மலர்ந்தது.

அந்த மாதங்களில் ஈரண்ணா மகிழ்ச்சியாகவே இருந்தான். "என்ன, இன்னைக்கு மணலா, பசையா?" என்று கிண்டல் செய்வான். அவனில்லாமல் அவளுக்கு ஒரு வேலையும் ஓடாது. கொரோனாக் காய்ச்சல் வந்துபோனதிலிருந்து நீலாம்பிகாவுக்கு வாசனை என்பதே தெரிவதில்லை. நாக்கில் உப்பும் உறைப்பும் தெரியும், அவ்வளவுதான். பூண்டு வறுபட்டதா தீய்ந்ததா, கறிவேப்பிலையின் மணம் நிற்கிறதா போய்விட்டதா என்று சொல்ல அவன் மூக்குதான் வேண்டும். டால்டா டின்னைத் திறந்த மாத்திரத்தில் அது எத்தனை பழசு என்று சொல்லிவிடுகிற மூக்கு அது. அவள் கிண்ணத்தை நீட்டிவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அந்தப் பார்வை அவனுக்குப் பிடித்திருந்தது. அவள் தோற்றுக்கொண்டிருந்தவரை அவள்மேல் அவனுக்கு அளவில்லாத பிரியம் இருந்தது.

ஹாஸ்டல் பெண்கள் ருசி கண்டதும் எல்லாம் மாறியது. டீச்சர்கள் வந்தார்கள், கண்டக்டர்கள் வந்தார்கள், ஹுப்பள்ளியிலிருந்து ஒரு டாக்டரம்மா ஆள் அனுப்பினாள். வந்தவர்கள் பஃப்ஸையும் தில்பசந்தையும் ஏறெடுத்துப் பார்க்காமல், "அக்கா இருக்காங்களா?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் ஈரண்ணாவின் நெஞ்சுக்குள் எதுவோ புகைந்தது. பெண்டாட்டியைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆம்பளையும் உண்டா என்று தன்னையே திட்டிக்கொள்வான். அடுத்த ஆள் வந்து "அக்கா இல்லையா?" என்று கேட்டதும் மறுபடியும் புகையும்.

வீடியோக்காரன் கிளம்பிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் நீலாம்பிகா ஒரு கிண்ணத்தோடு அடுப்படிக்கு வந்தாள். முகத்தில் பவுடர் இன்னும் அழியவில்லை.

"ஏங்க, இந்தக் கம்பு மாவைக் கொஞ்சம் பாருங்க. மில்லுல மோட்டார் ரிப்பேருக்குப் போகுதுன்னு மொத்தமா முன்னாடியே அரைச்சு வச்சோமே, அது. ஹாஸ்டலுக்கும் இதைத்தான் போடப்போறேன். மழை வேற விடாம பெய்யுது. எனக்கென்னவோ பயமா இருக்கு."

அவன் முகர்ந்தான். சீரகமும் பூண்டும் நன்றாகத்தான் வந்தன. அவற்றுக்கு அடியில், துலக்காத விளக்குக் கிண்ணத்தின் நெடி மாதிரி ஒன்று மெல்லிசாக ஓடியது. கம்பு எண்ணெய்ப் பசை உள்ள தானியம். அரைத்துவைத்தால் இப்படித்தான் காறிப்போகும். இன்று நூல் அளவு இருப்பது கொஞ்ச நாளில் வாய் நிறையக் கசக்கும். ஈரண்ணாவுக்கு அதில் துளிக்கூடச் சந்தேகம் இல்லை.

நிமிர்ந்து பார்த்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு," என்றான்.

"நிஜமாவா?"

"என் மூக்கு மேல எப்போலேர்ந்து சந்தேகம்? வீடியோவுல வந்ததுலேர்ந்தா?"

"அய்ய, கோவத்தைப் பாரு!" என்று அவன் தோளில் தட்டிவிட்டு, பாக்கெட் ஒட்டப் போய்விட்டாள்.

ஒரே ஒரு முறை சறுக்கட்டுமே என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். அப்போதுதான் தன் அருமை தெரியும் என்று நினைத்தான். அன்று சாயங்காலம் போட்ட பன் அத்தனையும் அடிப்பிடித்துப்போனது.

மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒருநாள் காலையில் ஹாஸ்டலிலிருந்து ஸ்பூர்த்தி வந்தாள். நீலாம்பிகாவின் முதல் சோதனைக் கிண்ணத்தைச் சாப்பிட்ட பெண் அவள்தான். பிரித்த பாக்கெட்டை மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கஞ்சி கசக்குது. ஒரு மாதிரி நாத்தம். ரெண்டு மூணு பேரு வாந்தியே எடுத்துட்டாங்க."

நீலாம்பிகா மாவைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு தேடினாள். ஒன்றும் தெரியவில்லை. திரும்பி ஈரண்ணாவைப் பார்த்தாள். அவன் அலமாரிக் கண்ணாடியை மும்முரமாகத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் அவனைக் கேட்கவில்லை. பாக்கெட்டை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து, எதிரே பூக்கடை போட்டிருக்கும் மாபூபியிடம் போனாள்.

மாபூபி முகர்ந்த வேகத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது இங்கிருந்தே தெரிந்தது. அவள் குரலும் தெரு முழுக்கக் கேட்டது.

"யா அல்லா! என்ன நீலக்கா இது? அடிச்சட்டியில கிடந்த பழைய எண்ணெய் மாதிரி வீசுது! இதையா பிள்ளைங்களுக்குக் குடுத்த? வீட்ல ஒருத்தருக்குமா மூக்கு இல்ல?"

நீலாம்பிகா திரும்பி வந்தாள். ஸ்பூர்த்தியை அனுப்பிவிட்டு, கதவோரத்தில் நின்று கேட்டாள்.

"அன்னைக்கே தெரியுமா?"

அவன் துணியை மடித்து வைத்தான்.

"தெரியும்."

"ஏன்?"

"எல்லாரும் உன்னையே தேடி வர்றாங்க," என்றான். வாயைவிட்டு வெளியே வந்ததும் அந்தச் சொல் எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்தது. "நான் ஒருத்தன் இங்க இருக்கிறதே யாருக்கும் தெரியல."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். "வண்டியை எடுங்க. மொத்தத்தையும் திருப்பி வாங்கணும்," என்றாள்.

பைகளோடு வீடு வீடாகப் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் அவள் ஒரே மாதிரிதான் சொன்னாள்: "நான் சரியாப் பாக்காமக் குடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க." ஒரு இடத்திலும் அவன் பக்கம் கையைக் காட்டவில்லை. சிலர் பரவாயில்லை என்றார்கள். ஒரு டீச்சர், "பேரு வந்ததும் அலட்சியமும் வந்துடும்போல," என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். எந்த வார்த்தையைக் கேட்க ஆசைப்பட்டு அன்று பொய் சொன்னானோ, அதே வார்த்தை. கேட்டபோது அவனுக்குக் காது கூசியது.

கடைசியாக ஹாஸ்டல். வார்டன் அம்மாள் நாற்காலியில் உட்காரக்கூடச் சொல்லாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஊரான் வீட்டுப் பிள்ளைங்கம்மா இவங்க. நாளைக்கு ஒண்ணுன்னா பெத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது? விக்கிறதுக்கு முன்னாடி மோந்து பாக்கக்கூடவா நேரமில்ல உங்களுக்கு?"

நீலாம்பிகா தலையைக் குனிந்தாள். "என் தப்புதாங்க—"

"அவ தப்பு இல்ல," என்றான் ஈரண்ணா. "அவளுக்கு வாசனை தெரியாது. என்கிட்டதான் குடுத்துக் கேட்டா. கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சேதான் நல்லா இருக்குன்னு சொன்னேன்."

வார்டன் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்கு?"

அவன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தான். அவள் வற்புறுத்தவில்லை.

"சரி. அப்போ இத்தனை நாளா உங்க கடையில எங்க பிள்ளைங்க தின்ன பஃப்ஸை நான் எப்படி நம்புறது?"

வண்டியில் திரும்பினார்கள். வழக்கமாக அவன் தோளைப் பிடிக்கும் நீலாம்பிகாவின் கை அன்று சீட்டின் கம்பியைப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு ஹாஸ்டல் பெண்கள் பேக்கரிப் பக்கம் வரவில்லை. பஃப்ஸ் தட்டில் மிஞ்சியது. நீலாம்பிகா கம்பை நிறுத்திவிட்டுச் சாமையை மட்டும் போட்டாள். எந்தக் கிண்ணமானாலும் முதலில் தெருவைக் கடந்து மாபூபியிடம் போனது. மல்லிகைக் கூடைக்கு நடுவில் மாபூபி அதை வாங்கி, கண்ணை மூடி, மகாராணி மாதிரி முகர்வாள். இருவரும் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். ஈரண்ணா கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான். கேமராக்காரன் நகரச் சொன்னபோதுகூட இப்படி எரியவில்லை.

சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் அந்த வேலையை ஆரம்பித்தான். மாவாக்கிய பிறகு காப்பாற்ற முடியாது, தானியமாக இருக்கும்போதே சூடு காட்டினால் என்ன என்று தோன்றியது. ரொட்டி இறக்கிய பிறகு அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில் கம்பைத் தட்டில் பரப்பி வைத்தான். முதல் தட்டு கருகியது. அடுத்தது வெறுமனே வெதுவெதுத்தது. வெந்நீரில் முக்கி எடுத்து, பிறகு அடுப்பில் உலர்த்தினான். அதை அரைத்து டப்பாவில் போட்டு, மழை ஈரம் இறங்கும் மூலையிலேயே வேண்டுமென்று வைத்தான். அவ்வப்போது திறந்து பார்த்தான். நாட்கள் போயின. மாவில் கம்பின் மணம் மட்டும் இருந்தது.

டப்பாவைக் கொண்டுபோய் நீலாம்பிகாவின் முன்னால் வைத்துச் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டாள், எத்தனை சூடு, எவ்வளவு நேரம் என்று துருவித் துருவி விசாரித்தாள். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான்தான் பாத்துட்டேனே, நீலா," என்றான். "இதுக்கும் அவகிட்டதான் போகணுமா? என்னை ஒரு தடவை கேக்கக் கூடாதா?"

"கேட்டேனே," என்றாள் அவள்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். மாபூபி முகர்ந்தாள், இன்னொரு முறை முகர்ந்தாள், ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொண்டாள்.

"சோக்கா இருக்கே! இது யாரு கைவேலை?"

நீலாம்பிகா திரும்பிக் கடையைப் பார்த்தாள்.

"அடுப்பு வேலை," என்றாள்.

தசராவுக்கு முன்னால் ஹாஸ்டல் மறுபடி கஞ்சி மாவு வாங்கத் தொடங்கியது. பஃப்ஸுக்குப் பெண்கள் வர இன்னும் நாளானது. ரொட்டி இறக்கியதும் ஈரண்ணா கம்புத் தட்டுகளை உள்ளே தள்ளுவான். கடை வாசலில் யாராவது வந்து, "அக்கா இருக்காங்களா?" என்று கேட்பார்கள். நெஞ்சுக்குள் புகையத்தான் செய்யும்.

"எதிர்ப் பூக்கடையில இருக்கா," என்பான். "கூப்பிடுறேன், உக்காருங்க."