முதல் வாய்

தில்லையம்மாளுக்கு மாமிசம் என்றாலே குமட்டும். பேச்சுக்குச் சொல்கிற குமட்டல் இல்லை. தேக்கா மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனால்கூட, கறிக்கடைப் பக்கம் கண் படக்கூடாது என்று ஒரு தெருவையே சுற்றிக்கொண்டு போவாள். அப்படியும் அந்த வாடை செருப்பில் ஏறி வந்துவிட்டதாகச் சொல்லி வாசலிலேயே நின்று காலைக் கழுவுவாள். கெர்பாவ் ரோட்டுக் கடைவீட்டு மாடியில் அவளோடு நாலு குடித்தனம். கீழே எல்லோருக்கும் ஒரே அடுக்களை. மற்ற மூன்று அடுப்பிலும் மீன் பொரியும். இவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரசம் இறக்குவாள்.

மகன் சேதுபதி துறைமுகத்தில் குமாஸ்தாவான புதிதில், ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவனின் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள். பாவம், சோப்புப் போட்டுத்தான் கழுவியிருந்தான்.

“பிரியாணி தின்னியாடா?”

“கூட்டாளிங்க கூப்டாங்கம்மா. ஒரு வாய்தான்லா.”

அன்றிலிருந்து அவனுக்குத் தனித் தட்டு. அதை அவனேதான் கழுவ வேண்டும். ஆனால் அவன் வந்து சாப்பிட்டு எழும்வரை இவள் சோற்றைத் தொடமாட்டாள். அது அப்பன் இல்லாமல் வளர்த்த நாளிலிருந்து வந்த பழக்கம்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் மகள் மங்களம் செம்பவாங்கில் இருந்த புருஷன் வீட்டிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்து சேர்ந்தாள். ஏழாம் மாதம். முகம் வெளிறி, நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டர் இங்கிலீஷில் சொன்னதை நர்ஸ் தமிழில் சொன்னாள்.

“ரத்தம் ரொம்பக் கம்மிம்மா. மாத்திரை குடுத்தா வாந்தி எடுக்கறாங்க. ஆட்டு ஈரல் குடுங்க, தினமும் குடுக்கணும். இப்படியே விட்டா தாயும் தங்காது, புள்ளையும் தங்காது.”

மறுநாள் காலையில் தில்லையம்மாள் கறிக்கடைகளுக்கு நடுவே போய் நின்றாள். தோலுரித்த ஆடுகள் தலைகீழாகத் தொங்கின. தரையெல்லாம் சிவப்புத் தண்ணீர். ஈக்கள் கறியை விட்டு எழுந்து அவள் உதட்டில் வந்து உட்கார்ந்தன. சீ என்று துப்பினாள்.

கடைக்காரர் அப்துல் காதர் அவளை நெடுங்காலமாகப் பார்த்து வருபவர், தூரத்திலிருந்து.

“என்னம்மா, வழி தப்பிட்டீங்களா?”

“ஈரல் வேணும்.”

அவர் சிரிக்கவில்லை. “மேல ஒரு சவ்வு இருக்கும், உரிச்சிட்டுக் கழுவுங்க. மிளகு கொஞ்சம் தூக்கலாப் போட்டா வாடை தெரியாது” என்று சொல்லி வாழையிலையில் கட்டிக் கொடுத்தார். பொட்டலம் கையில் வெதுவெதுப்பாகக் குழைந்தது. செத்த எலியைத் தூக்குவதுபோல் நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

தன் அடுப்பில் வைக்க மனம் ஒப்பவில்லை. பின்சந்தில் மூன்று கல்லைக் கூட்டி, புதுச் சட்டி வைத்தாள். சவ்வை உரிக்கும்போது அது வழுக்கி வழுக்கி விரலோடு ஒட்டியது. பக்கத்துக் குடித்தனத்து ரத்தினம்மா எட்டிப் பார்த்தாள்.

“என்கிட்ட குடுங்கக்கா, நொடியில ஆக்கித் தர்றேன். நீங்க ஏன் இந்த அவஸ்தை படறீங்க?”

“வேணாம். என் பொண்ணு வாய்க்குள்ள போறது என் கையால போகட்டும்.”

ஈரல் சாற்றைக் கிண்ணத்தில் ஊற்றி மாடிக்குக் கொண்டுபோனதும் மங்களம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தில்லையம்மாள் கெஞ்சினாள், திட்டினாள், வயிற்றில் இருக்கிறது என்ன பாவம் செய்தது என்று கேட்டாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கடைசியில் சொன்னாள்:

“நீ குடி. நீ குடிச்சா நான் குடிக்கிறேன்.”

அம்மா எங்கே குடிக்கப்போகிறாள் என்ற தைரியத்தில் கேட்டிருப்பாள். ஆனால் கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. அந்த வீட்டில் கசப்பான எதுவும் முதலில் அம்மா வாய்க்குத்தான் போகும். விளக்கெண்ணெய் கொடுக்கிற நாளில் தான் ஒரு கரண்டி குடித்து, நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் பிள்ளைகளுக்கு ஊற்றுவாள். ஜப்பான்காரன் காலத்தில் புழு நெளிந்த அரிசிக் கஞ்சியையும் முதல் வாய் குடித்து, “நல்லாத்தான் இருக்கு” என்பாள். சுத்தப் பொய். அம்மா குடித்துவிட்டாளே என்று பிள்ளைகளும் குடித்துப் பிழைத்துக்கொண்டன.

தில்லையம்மாள் கிண்ணத்தைப் பார்த்தாள். கலங்கிய பழுப்புத் தண்ணீரில் கறுத்த துண்டுகள் கிடந்தன. மேலே நுரை. நாற்பத்தாறு வயதுவரை காப்பாற்றி வைத்த வாய். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மடக்கு விழுங்கினாள். துருப்பிடித்த ஆணியை நக்கினதுபோல் இருந்தது. துண்டு ஒன்று பல்லில் பட்டு மாவாக உதிர்ந்தது. உடம்பெல்லாம் கூசிற்று. வந்ததை உள்ளேயே அடக்கி, மகளுக்கு நாக்கை நீட்டிக் காட்டினாள்.

மங்களம் அழுதுகொண்டே குடித்தாள்.

அதன்பின் தினமும் இதே கூத்துதான். மகள் குடித்து முடிக்கும்வரை முகத்தைச் சுளிக்காமல் உட்கார்ந்திருப்பாள். பிறகு பின்சந்துச் சாக்கடைக்கு ஓடுவாள். தன் நாக்கே அவளுக்கு அருவருத்தது. சோறு இறங்கவில்லை. காளியம்மன் கோயிலுக்கு உள்ளே போகாமல் வாசலில் நின்றே கும்பிட்டுவிட்டு வந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டது. சேதுபதி ஒருநாள் தன் தட்டைக் கழுவிக்கொண்டே, “நாளைக்கு நான் குடிச்சுக் காட்டறேனே. எனக்குப் பழக்கந்தான்லா” என்றான்.

“நீ குடிச்சா அவ நம்பமாட்டா. நீதான் எதையும் தின்னுவியே” என்றாள் தில்லையம்மாள்.

ஆனால் மங்களத்தின் உதட்டில் நிறம் வந்தது. படியேறினால் இப்போது மூச்சு வாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு மாதம் கொடுக்கச் சொன்னார்கள்.

ஒருநாள் காலையில் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, தில்லையம்மாள் குழாயடியில் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்தாலும் வாடை போகாத கை. திரும்பியபோது மங்களம் பின்சந்தில் நின்றிருந்தாள், ஒரு கை இடுப்பில், ஒரு கையில் கிண்ணம். மாடியிலிருந்து அவளே இறங்கி வந்து ஊற்றியிருக்கிறாள். கண்ணை மூடவில்லை, மூக்கைப் பிடிக்கவில்லை. மடமடவென்று குடித்து, அடியில் கிடந்த துண்டுகளையும் மென்று விழுங்கிவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

“தெனமும் நீ இங்க வந்து குடலே வெளிய வர்ற மாதிரி ஓங்கரிக்கிறது மேல கேக்குதும்மா. நானும் ஒரு புள்ளைக்கு அம்மாவாகப் போறேன். இனிமே உனக்கு வேணாம். நானே குடிச்சுக்கிறேன்.”

அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். தில்லையம்மாள் குனிந்து சட்டிக்குள் பார்த்தாள். துடைத்தாற்போல் இருந்தது. அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது, கண்ணீரும் வந்தது.

“எனக்கு ஒரு வாய் வைக்காம குடிச்சிட்டியேடி” என்றாள்.