பெயர் வெட்டிய தூக்குச்சட்டி

எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டும் பழக்கத்தை எவன் ஆரம்பித்தானோ, அவன் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். ஒரு சட்டி வாங்கினால் கடையிலேயே காத்துக் கிடந்து, வீட்டுப் பொம்பளையின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டி வாங்கினால்தான் எங்கள் பக்கத்துச் சனத்துக்கு அது சொந்தம். பெயர் மட்டும் இல்லாதிருந்தால் 1988-ல் என் உயிர் அந்தப் பாடு பட்டிருக்காது.

அன்றைக்குத் திங்கட்கிழமை. இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் வேலை முடிந்து, பிளீச்சிங் வாடையோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசற்படியிலேயே நின்றாள். கையில் தூக்குச்சட்டி.

“ஏலே சோலைராசு, யாருலே இந்தக் கோதைநாயகி?”

முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் சம்பத்குமார் வீட்டில் நாங்கள் இருவரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். பதறி எழுந்து, அடுக்களையில் கழுவிக் கவிழ்த்திருந்த தூக்கை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறமாக ஓடிவந்தேன். நான் கொண்டுபோயிருந்த எங்கள் தூக்கும் அவர்கள் தூக்கும் ஒரே அளவு, ஒரே மாதிரி. எங்களுடையதில் என் அம்மா பெயர், ஆவுடையம்மாள். நான் தூக்கி வந்தது சம்பத்தின் அம்மாவுடையது.

சம்பத் கோர்ட்டில் டைப்பிஸ்ட். அவனுடைய அப்பாவும் அம்மாவும் சனிக்கிழமை சாயங்காலம் மதுரையில் மகள் வீட்டுக்குப் போய்ப் பேரனைக் கொஞ்சிவிட்டு, ஞாயிறு ராத்திரிதான் திரும்புவார்கள். அந்த ஒரு பகல்தான் எங்களுக்கு. அதில் அப்படி என்ன பெரிய உல்லாசம் என்று நினைக்கிறீர்கள்? அவன் ரசம் வைப்பான், நான் அப்பளம் சுடுவேன். அவன் பேப்பரை உரக்க வாசிக்க, அவன் மடியில் தலை வைத்து நான் தூங்கிப்போவேன். உலகத்தில் புருஷன் பெண்டாட்டி எல்லாம் சலித்துக்கொண்டே செய்கிற காரியம். அதை நாங்கள் தாழ்ப்பாள் போட்டுச் செய்தோம். எங்களுக்குள் இருந்ததற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. ஊரில் அதற்கு இருந்த வார்த்தையெல்லாம் வசவு. சட்டிக்குக்கூட ஒரு பெயர் இருந்தது.

பயம் சும்மா வரவில்லை. எங்கள் தெரு டெய்லர் இருளப்பசாமியை ஒரு லாரி டிரைவரோடு பார்த்துவிட்டார்கள் என்று, மின்கம்பத்தில் கட்டிவைத்து மொட்டையடித்தார்கள். கடை அதற்குப் பிறகு திறக்கவே இல்லை. அவர் எங்கே போனார் என்று கேட்கவும் ஆளில்லை. அன்றிலிருந்து நான் நடக்கிற நடையை, சிரிக்கிற சிரிப்பை, கையை ஆட்டிப் பேசுவதைக்கூட நானே வேவு பார்த்துக்கொண்டு திரிந்தேன்.

“என்னலே முழிக்க? கேக்கேன்லா!”

“சம்பத்துன்னு ஒரு சிநேகிதன்மா. அவன் அம்மா பேரு. ஞாயித்துக்கெழம அங்கதான் சாப்புடுதேன். அவியதான் சோறு போடுதாவ.”

முக்கால் உண்மை. கடைசி வாக்கியம் மட்டும் பொய். அம்மாவோ உண்மையைத்தான் நம்பவில்லை.

“சிநேகிதன் அம்மையா, சிநேகிதன் தங்கச்சியா?” என்றாள். முகத்தில் சிரிப்பு முட்டியது. “இதுக்குத்தான் பாக்க பொண்ணையெல்லாம் வேண்டாம்னியாக்கும்! ஐயங்கார் வீட்டுப் பேரு மாதிரில்லா இருக்கு. சரி, பொண்ணுன்னு ஒண்ணு இருக்கே, அம்புட்டு போதும். நாளைக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கேன்.”

“நான் குடுத்துக்கிடுதேன்மா.”

“போலே. பொம்பள பேரு போட்ட சாமானப் பொம்பளதான் குடுக்கணும்.”

வாங்கிய பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பது அம்மாவின் கட்சி. நம் வீட்டில் ஆக்கியதை அவர்கள் தின்னமாட்டார்கள் என்று யோசித்து, புதுப் பாசிப்பயறை விளிம்புவரை நிரப்பினாள்.

மறுநாள் சாயங்காலம் பஸ் ஏறினோம். சம்பத்துக்குத் தகவல் சொல்ல வழியே இல்லை. டயர் வெடிக்கட்டும் என்று வேண்டினேன். மழை கொட்டட்டும், எனக்கு வாந்தி பேதி வரட்டும் என்று வேண்டினேன். ஒரு எழவும் வரவில்லை. கோபுரம் தெரிந்ததும் அம்மா கொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

கதவைத் திறந்தவன் சம்பத். என் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்ததும் அவன் முகத்தில் ரத்தமே இல்லை. உள்ளேயிருந்து ஈரக் கையைத் துடைத்தபடி அவன் அம்மா வந்தாள். நரைத்த தலை, வைர மூக்குத்தி.

“நீங்கதான் கோதைநாயகியா?” அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

“ஆமாம். நீங்க?”

“ஆவுடையம்மா.”

“அட, நீங்கதானா!” அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். “ரெண்டு நாளா உங்க பேரை வெச்சிண்டு முழிச்சிண்டிருக்கேன். இவனைக் கேட்டா பால் வாங்கற இடத்துல மாறிப்போச்சுங்கறான்.”

போச்சு. அவன் ஒரு பொய், நான் ஒரு பொய். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவளா நிற்பாள்?

“பால் வாங்குன எடமா? இல்லம்மா, இங்கன சாப்புட வந்தப்ப மாறிப்போச்சாம். ஞாயித்துக்கெழம தோறும் எம்மவனுக்கு நீங்கதான் சோறு போடுதியளாமே! ஒங்களக் கையெடுத்துக் கும்புடணும்.”

சொன்னபடி கும்பிட்டும் விட்டாள்.

அந்த அம்மாள் மகனைப் பார்த்தாள். சம்பத் தரையைப் பார்த்தான். பிறகு அவள் என்னைப் பார்த்தாள், முகத்திலிருந்து கால்வரை. தாங்கள் ஊரில் இல்லாத ஞாயிறுகள், கழுவி வைத்த இரண்டு தட்டு, முகம் தெரியாத ஒருத்தியின் சட்டி, எல்லாம் அவள் மனத்தில் ஒவ்வொன்றாகச் சேர்வதை நான் நின்று பார்த்தேன். இருளப்பசாமியின் மொட்டைத் தலை கண்ணுக்கு முன்னால் வந்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மாவுக்கு மகன் இல்லை, எனக்கு ஊர் இல்லை.

“ஆமாம்,” என்றாள் கோதைநாயகி. “ஒரு பிடி சாதம். அதுக்குப் போய்க் கும்பிடுவாளா?”

பயறை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. டப்பா திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. சம்பத்தும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வந்தபோது எங்கள் தூக்குச்சட்டி அவள் கையில் இருந்தது.

அம்மா படியிறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். கோதைநாயகி சட்டியை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். அவள் பிடியை விடவில்லை.

“மதுரைக்கு இனிமே அவர் மட்டும்தான் போவார்,” என்றாள் மெதுவாக. “ஞாயித்துக்கிழமை நான் ஆத்துலதான் இருப்பேன்.”

பிறகு விட்டாள். “பாத்துப் போ” என்றாள். கதவு சாத்தும்போது சம்பத் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ்ஸில் அம்மாவுக்கு முதலில் கொஞ்ச நேரம் ஏமாற்றம். மூடியைத் திறந்து பார்த்ததும் எல்லாம் பறந்துவிட்டது. உள்ளே விளிம்புவரை சீனி.

“பாத்தியாலே? வெறுஞ்சட்டியாத் தரல. எம்புட்டு நல்ல மனுசி! பொண்ணு கெடைக்காட்டாலும் ஒனக்கு இன்னொரு அம்மை கெடச்சிருக்கா.” ஒரு சிட்டிகை சீனியை எடுத்து என் வாய்க்கு நேரே நீட்டினாள். “வாயத் தொற.”

திறந்தேன்.

“நல்ல துவரம்பருப்பு வாங்கி வைக்கேன். வார ஞாயித்துக்கெழம போறப்ப அவியளுக்குக் கொண்டுபோய்க் குடு. என்னலே? போவைல்லா?”

வாயில் இருந்த சீனியை முழுங்கத் தெரியாமல், சரி என்று தலையாட்டினேன்.